தொடக்க வாசிப்புக்கு டேப்லெட், மின்பலகை, செயலிகள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எழுத்து அறிமுகத்தில் தொடங்கி, ஒரு பத்தியைத் தானாகப் படிக்கும் வரை உள்ள காலம்தான் பிள்ளையின் படிப்பில் மிக நுட்பமான காலம். அந்தக் கட்டத்தில் தொட்டால் பேசும், இழுத்தால் நகரும் கருவிகளை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் வேலை. கற்றதைப் பலமுறை பழகிப் பார்க்கத்தான் கருவி. பிள்ளையை வாய் திறந்து படிக்க வைத்தாலோ, இன்னொரு பிள்ளையோடு உட்கார ஆசிரியருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாலோ, அந்தக் கருவிக்கு வகுப்பில் இடம் உண்டு. இரண்டில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எந்தெந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

பிள்ளை ஒன்று செய்தால் பதிலுக்கு ஒன்று செய்கிற எல்லாமே இதில் சேரும். மின்பலகை (ஸ்மார்ட் போர்டு), டேப்லெட், கைபேசி, கணினியில் ஓடும் எழுத்து விளையாட்டு, தொட்டால் வாசித்துக் காட்டும் கதைப் புத்தகம், அச்சுப் புத்தகத்தின் மேல் வைத்தால் ஒலிக்கும் பேசும் பேனா, பிள்ளை படிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலி. கைபேசியில் இருக்கும் சாதாரணக் குரல் பதிவும் சேரும். பலர் அதை ஒரு கருவியாகவே நினைப்பதில்லை. எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். வீடியோவை ஓடவிட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பதை நான் இதில் சேர்க்கவில்லை.

இவை இல்லாமலே நாமெல்லாம் படித்தோமே, இப்போது எதற்கு?

படிக்கக் கைவந்தவர்கள்தான் அப்படிச் சொல்கிறோம். எழுத்துக்கூட்டவே வராமல் பின்வரிசையில் உட்கார்ந்து அடுத்தடுத்த வகுப்புக்குப் போனவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒரு பிள்ளை படிப்பதை ஆசிரியர் காது கொடுத்துக் கேட்க ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் கிடைப்பதே பெரிது. தப்பாகப் படித்த அந்த நொடியிலேயே சரியானது காதில் விழுந்தால் திருத்தம் எளிது. அதையே பத்து முறை தப்பாகப் படித்துப் பழகிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. உடனே திருத்துவது, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் திரும்பச் சொல்வது: கருவிக்கு நன்றாக வருவது இந்த இரண்டும்தான். அதுவே சின்ன உதவி இல்லை.

அப்படியானால் டேப்லெட்டே படிக்கக் கற்றுக்கொடுத்துவிடுமா?

இதை உண்மையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் என்ற போட்டியில், ஆசிரியர் துணை இல்லாமல் பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்ளும் மென்பொருள்களை உருவாக்கி, தான்சானியாவின் சிற்றூர்களில் சுவாஹிலி மொழியில் 15 மாதம் ஓடவிட்டார்கள். 2019இல் ஒன்பில்லியன், கிட்கிட் ஸ்கூல் என்ற இரு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. தொடக்கத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாது. முடிவில் அந்த அளவு பாதியாகக் குறைந்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கே போயிராதவர்கள் என்பதால் இது பெரிய செய்தி. ஆனால் 15 மாதத்துக்குப் பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு சொல் படிக்க வரவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பின்லாந்தின் யுவாஸ்கியுலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம். ஒலியைக் கேட்டு எழுத்தைப் பிடிக்கும் விளையாட்டு அது, பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கட்டுரை ஒன்று, சராசரியாகப் பார்த்தால் சொல் வாசிப்பில் பெரிய பலன் தெரியவில்லை என்றது. ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பேசி, கேட்டு, உற்சாகப்படுத்திய இடங்களில் நல்ல பலன் தெரிந்தது. கருவி அதே கருவிதான். பக்கத்தில் ஆள் இருந்தாரா என்பதில்தான் வேறுபாடு. டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு மேசைக்குப் போய் நோட்டுத் திருத்தலாம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வாசிப்பின் எந்தப் பகுதிக்குக் கருவி உதவும், எதற்கு உதவாது?

அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை வாசிப்பை ஐந்தாகப் பிரித்தது: ஒலி உணர்வு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு, சரளம், சொல்வளம், பொருள் புரிதல். இந்த வரிசையில் மேலே இருப்பவற்றுக்குக் கருவி அதிகம் உதவும். கீழே போகப் போக உதவி குறையும்.

ஒலி உணர்வு என்பது எழுத்தைப் பார்க்காமல் காதால் பிரிப்பது. 'மரம், மலை, பழம்' மூன்றில் எது வேறு ஒலியில் தொடங்குகிறது? 'கல்' என்ற சொல்லின் கடைசி ஒலி எது? தெளிவான பதிவுக் குரலும் ஹெட்ஃபோனும் இருந்தால் இதை அருமையாகப் பழகலாம். எழுத்து-ஒலித் தொடர்பும் அப்படியே. திரும்பத் திரும்பப் பார்த்து, கேட்டு, தேர்ந்தெடுத்துத்தான் அது பதியும்.

சரளத்துக்குக் குரல் பதிவு போதும். சொல்வளத்துக்கும் புரிதலுக்கும் பேச்சுதான் வேண்டும். 'அந்தப் பையன் ஏன் திரும்பி ஓடினான்?' என்று கேட்டு, பிள்ளை சொல்லும் பாதி பதிலைப் பிடித்து அடுத்த கேள்வி கேட்கும் வேலையை வகுப்பில் ஆசிரியர்தான் செய்ய முடியும்.

1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். செயலிகளில் பெரும்பாலானவை முதல் பாதியை மட்டும் வளர்ப்பவை. இரண்டாம் பாதிக்குக் கதை சொல்வதும் பேசுவதும் வகுப்பில் தொடர வேண்டும்.

தமிழ் கற்பிக்க வந்த செயலிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பல செயலிகள் வேறு எழுத்து முறைக்காகத் திட்டமிடப்பட்டு, பிறகு தமிழ் எழுத்தைப் பொருத்தி வெளிவருபவை.

முதலில் எண்ணிக்கை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இதை 247 படங்களாக வரிசையில் காட்டி ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வைக்கும் செயலி பிள்ளையைக் களைப்படைய வைக்கும். நல்ல செயலி குறியைக் கற்றுக்கொடுக்கும். துணைக்கால் சேர்ந்தால் நெடில் ஆகாரம் என்று நாலைந்து எழுத்தில் காட்டி, ஆறாவது எழுத்தைப் பிள்ளையையே சொல்ல வைக்கும். உகர, ஊகார வரிசையில் மட்டும் குறி எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. கு, சு, டு, பு, து என்று எழுதிப் பார்த்தாலே தெரியும். அந்த வரிசைக்குக் கூடுதல் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய எழுத்து முறைகளில் எல்லா எழுத்தும் கைவர, ஆங்கிலம் போன்ற, எழுத்துகள் குறைந்த மொழிகளைவிட அதிகக் காலம் பிடிக்கும் என்பதைக் கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சொனாலி நாக் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே ஒரே பருவத்தில் எல்லா எழுத்தும் என்று சொல்லும் செயலியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அடுத்து ஒலி. மெய்யெழுத்தைச் செயலி எப்படி உச்சரிக்கிறது? 'ட்' என்பதை 'இட்' என்றும், 'ம்' என்பதை 'இம்' என்றும் சொன்னால், 'பட்டம்' என்ற சொல்லைக் கூட்டும் பிள்ளைக்கு 'ப-இட்-ட-இம்' என்று வரும். அதிலிருந்து பட்டத்துக்குத் தாவப் பெரிய தாண்டல் வேண்டும். எழுத்தின் பெயரைச் சொல்ல 'இட்' சரி. சொல்லைக் கூட்டும்போது முந்தைய எழுத்தோடு சேர்த்து 'பட்-டம்' என்று அசையாக ஒலிக்க வேண்டும். 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே ககரம்தான், மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்தைத் தனியாக மட்டும் ஒலித்துக் காட்டும் செயலியில் பழகிய பிள்ளை 'தங்கம்' என்பதைக் கடுமையாக ஒலித்துவிட்டு, இது என்ன சொல் என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும். எழுத்தொலியும் சொல்லும் சேர்ந்தே வருகிற பயிற்சியைத் தேடுங்கள்.

மூன்றாவது, திரையில் எழுத்து விழும் விதம். 'கெ', 'கே' இரண்டுக்கும் இடையே கொம்பின் வளைவு மட்டும்தான் வேறு. சின்னத் திரையில், மெல்லிய எழுத்துருவில் அது பெரியவர் கண்ணுக்கே தப்பும். 'கொ' என்ற எழுத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒலிக்கும்போது எழுத்தை ஒளிரவைக்கும் செயலி, மூன்று துண்டையும் ஒன்றாக ஒளிரவைக்க வேண்டும். கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக ஒளிர்ந்தால், பிள்ளை அதை மூன்று எழுத்தாக எடுத்துக்கொள்ளும். 'கௌதாரி'யைத் தட்டிப் பாருங்கள். உள்ளே அதை ஔகாரமாக இல்லாமல் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் குரல் 'கெளதாரி' என்று படிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் சரிபார்த்தவருக்கும் தெரிந்திருக்காது. காதால் கேட்டால்தான் பிடிபடும்.

ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றுக்கு இணை இணையாகப் பயிற்சி இருக்க வேண்டும். 'பல்லி, பள்ளி', 'மரம், மறம்', 'மனம், மணம்' என்று பொருளோடு சேர்த்து வந்தால்தான் நிற்கும்.

ஒரு செயலியை வகுப்புக்குக் கொண்டுவருமுன் எப்படிச் சோதிப்பது?

கால் மணி நேரம் நீங்களே உட்கார்ந்து விளையாடுங்கள். வேண்டுமென்றே தப்பாகத் தொடுங்கள். தப்புக்கு வேடிக்கையான சத்தமோ குட்டிக்கரணம் போடும் பொம்மையோ வந்தால், பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே தப்பாகத் தொடுவார்கள். தப்பு என்று மட்டும் சொல்லாமல் சரியான ஒலியைக் கேட்கவைத்து, உடனே இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் படத்தை நம்பி வெல்ல முடியுமா என்று பாருங்கள். திரையில் யானைப் படம், அதன் கீழே நான்கு சொற்கள். அவற்றில் ஒன்றுதான் யகரத்தில் தொடங்குகிறது என்றால், பிள்ளை முதலெழுத்தை மட்டும் பார்த்துத் தொட்டுவிடும். சொல்லைப் படிக்கவே வேண்டாம். 'யானை, யாளி, யாழ், யார்' என்று கொடுத்தால்தான் கண் கடைசி எழுத்து வரை போகும்.

கடைசியாக ஒரு பிள்ளையிடம் கொடுத்து, திரையைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். நான் அடிக்கடி பார்ப்பது இது: கேள்வி முழுதாக ஒலிப்பதற்குள் விரல் முதல் கட்டத்தில் விழும். சிவப்பு. அடுத்த கட்டம். சிவப்பு. மூன்றாவதில் பச்சை, கைத்தட்டல், அடுத்த கேள்வி. கண் எழுத்தின் மேல் ஒரு நொடிகூட நிற்காது, உதடு அசையாது. செயலியின் கணக்கில் அந்தப் பிள்ளை பத்துக் கேள்வியையும் முடித்திருக்கும். இரண்டாவது தவறுக்குப் பிறகு நிதானிக்க வைக்கும், தேர்ந்தெடுக்கும் விடைகளைக் குறைத்துத் திரும்பக் கேட்கும் செயலி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அடுத்த கேள்வியில் சொல்லும் முறையைக் கையாளுங்கள்.

பிள்ளைக்கு ஒரு டேப்லெட் கிடையாது. இருப்பதே ஐந்தாறுதான். என்ன செய்வது?

குறையாக நினைக்க வேண்டாம். ஆளுக்கொன்று இருந்தால் வகுப்பு வாய் மூடிக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்து, ஒருவரைப் படிப்பவர், மற்றவரைத் தொடுபவர் ஆக்குங்கள். படிப்பவர் திரையில் கை வைக்கக் கூடாது. தொடுபவர், படிப்பவர் சத்தமாகப் படித்துச் சொன்னதை மட்டுமே தொடலாம். ஐந்து கேள்விக்கு ஒரு முறை மாறிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதியால் கண்ணை மூடிக்கொண்டு தட்டும் பழக்கம் நின்றுவிடும். ஏனென்றால் படிக்காமல் தொட முடியாது. இருவரும் எந்தச் சொல் என்று வாக்குவாதம் செய்துகொண்டால் இன்னும் நல்லது, தடுக்காதீர்கள்.

மீதிப் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டை, சிலேட்டு, படப் புத்தகம். குழுக்கள் சுழலட்டும். டேப்லெட் குழு தானாக ஓடும்போது, தடுமாறும் மூன்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒரு மூலையில் உட்காருங்கள். அந்த மூலைக்காகத்தான் டேப்லெட்டே.

வகுப்புக்கே ஒரே ஒரு மின்பலகைதான் இருக்கிறதே?

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தொடச் சொல்லி மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதுதான் வழக்கம். அதை மாற்றுங்கள். திரையில் கேள்வி வந்ததும் எல்லாரும் சிலேட்டில் எழுத வேண்டும். 'காட்டு' என்றதும் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகே ஒருவர் வந்து தொடலாம். யார் எதில் தப்புகிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சொல்லின் ஒரு பகுதியை மறைத்துவைத்து மெல்லத் திறப்பது, கலைந்த எழுத்துகளை இழுத்துச் சொல்லாக்குவது, பாட்டு வரிகளைப் பெரிதாக்கி விரலால் காட்டிக்கொண்டே எல்லாரும் சேர்ந்து படிப்பது ஆகியவற்றுக்கும் மின்பலகை பொருத்தமானது.

குரல் பதிவைப் பெரிதாகச் சொன்னீர்களே, அதில் என்ன இருக்கிறது?

பிள்ளை தான் படிப்பதைத் தானே கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. படிக்கும்போது அதன் கவனம் முழுக்க எழுத்தில் இருப்பதால், தான் எங்கே இழுக்கிறோம், எங்கே விட்டோம் என்பது காதில் ஏறாது. பதிவைப் போட்டுக் கேட்டால் 'அய்யோ, நான் இந்த இடத்தில் நின்னுட்டேன்' என்று அதுவே சொல்லும். நாம் சொல்லித் திருத்துவதைவிட அது ஆழமாகப் போகும்.

செய்முறை எளிது. ஐந்தாறு வரிகளுக்கு மேல் போகாத ஒரு பத்தி. ஏறக்குறைய எல்லாச் சொல்லும் தெரிந்ததாக இருக்கட்டும், இரண்டு மூன்று மட்டும் புதிது. முதலில் பதிவு. அதைக் கேட்பது. தடுக்கிய சொற்களை அட்டையில் எழுதித் தனியாகப் பழகுவது. பிறகு அதே பத்தியை இன்னும் இரண்டு மூன்று முறை படித்துக் கடைசி முறையைப் பதிவது. முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரளம் வளர்க்கும் இந்த முறையை ஜே சாமுவேல்ஸ் 1979லேயே எழுதிவைத்திருக்கிறார். அப்போது டேப்பில் செய்ததை இப்போது கைபேசியில் செய்கிறோம். அவ்வளவுதான். வேகத்தை மட்டும் பாராட்டாதீர்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வியைக் கேள்வியாகவே படித்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

பருவத் தொடக்கத்துப் பதிவைப் பருவ முடிவு வரை வைத்திருங்கள். பெற்றோரிடம் காட்ட மதிப்பெண் தாளைவிட நல்ல சான்று அது.

பிள்ளை படிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலியை நம்பலாமா?

பாதி நம்பலாம். கூகுளின் ரீட் அலாங் 2019இல் போலோ என்ற பெயரில் வந்து, பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு விரிந்தது. இவ்வகைச் செயலிகள் பிள்ளையைச் சத்தமாகப் படிக்க வைக்கின்றன. அதற்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் சிறு பிள்ளைகளின் குரல் உயர்ந்த சுருதியில் இருக்கும், உச்சரிப்பும் இன்னும் திருந்தியிருக்காது. பெரியவர் குரலைவிட அதைப் புரிந்துகொள்ள எந்திரம் திணறும். வகுப்பிலோ சத்தம். சரியாகப் படித்ததைத் தப்பு என்று சொன்னால், இப்போதுதான் தன்னம்பிக்கை துளிர்க்கும் பிள்ளை சுருங்கிவிடும். 'சில நேரம் அதுக்குச் சரியா காது கேட்காது, நீ படிச்சது சரிதான்' என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. லகர ளகர ழகர வேறுபாட்டை இதை வைத்துச் சரிபார்க்க வேண்டாம், உங்கள் காதை நம்புங்கள்.

தொட்டால் படிக்கும் மின்கதைகள் நல்லவையா, அச்சுப் புத்தகமா?

எட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே கதையை வெறும் குரல் சேர்த்துத் திரையில் கொடுத்தால் அச்சுப் புத்தகமே மேல். கதையின் பொருளை விளக்கும் அசைவும் உதவியும் திரையில் இருந்தால் திரை முந்தியது. அகராதி இணைத்தால் சொல் கற்பது கூடியது, கதை புரிவது குறைந்தது. ஆகவே 'மின்புத்தகமா' என்று கேட்பதைவிட, அதில் எதைத் தொட்டால் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கதையில் பறவை கூட்டைத் தேடும்போது தொட்டால் கூடு தெரிந்தால் நல்லது. சம்பந்தமே இல்லாமல் மூலையில் இருக்கும் தவளை குதித்தால் பிள்ளை தவளையோடு போய்விடும், கதை போச்சு.

வாசித்துக் காட்டும் குரலை முதல் முறை போடுங்கள், இரண்டாம் முறை அணைத்துவிடுங்கள். குரல் ஓடும்போது பிள்ளை கேட்கிறது. படிப்பது குரல் நின்ற பிறகுதான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படிநிலை வாரியாகக் கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இறக்கி அச்செடுக்கவும் உரிமை உண்டு. ஒரே கதையைத் திரையிலும் தாளிலும் வைத்துக்கொள்ள அது வசதி.

திரையில் விரலால் எழுதிப் பழகினால் போதாதா?

போதாது. 2012இல் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சிலவற்றைக் கையால் எழுத, சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைய, சிலவற்றைத் தட்டச்சு செய்ய வைத்து, பிறகு மூளைப் படம் எடுத்தார்கள். வாசிப்பில் ஈடுபடும் பகுதிகள், தாங்களே கையால் எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் நன்றாக விழித்தன. கோட்டின் மேல் வரைந்தது அந்த அளவு உதவவில்லை. பெரும்பாலான செயலிகள் செய்வது இந்தக் கோட்டின் மேல் வரைதலைத்தான். தடம் பிடிக்க இரண்டு முறை திரை, அப்புறம் சிலேட்டு, மணல், நோட்டு.

எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சொன்னது: இரண்டு முதல் நான்கு வயது வரை, உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. வீட்டில் பார்ப்பதும் இதில் அடக்கம். மழலையர் வகுப்பில் ஐந்து முதல் பத்து நிமிடம், ஒன்று இரண்டாம் வகுப்பில் பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும் என்பது என் கணிப்பு. பயிற்சி சிறியதாகவும் அடிக்கடி வருவதாகவும் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் கொடுப்பதில் பயன் குறைவு.

நட்சத்திரம், புள்ளி, கைத்தட்டல் எல்லாம் வேண்டுமா?

கொஞ்சம் இருக்கலாம். நட்சத்திரத்தை எண்ணுவதற்காகவே பிள்ளை விளையாடத் தொடங்கினால் அந்தச் செயலியைக் கொஞ்ச நாள் எடுத்துவையுங்கள். வகுப்பில் யாருக்கு எத்தனை என்று பலகையில் போடவே போடாதீர்கள்.

செயலி கொடுக்கும் அறிக்கையில் 80 சதவீதம் என்று வந்தால் படிக்க வந்துவிட்டது என்று அர்த்தமா?

இரண்டு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்வியில் ஒன்றுமே தெரியாமல் தொட்டாலும் பாதி சரியாகும். நான்கு இருந்தால் கால்வாசி. ஆகவே சதவீதத்தைத் தள்ளிவையுங்கள். அறிக்கையில் பயனுள்ளது எந்த எழுத்தில் தப்பு என்ற பட்டியல். அதை எடுத்து மறுநாள் சிலேட்டில் பயிற்சியாக்குங்கள். படிக்க வந்ததா என்று பார்க்க ஒரே வழி: செயலியில் பழகிய எழுத்துகளைக் கொண்டு, செயலியில் வராத சொற்களைத் தாளில் எழுதிப் படிக்கச் சொல்வது. 'கடல்' பழகிய பிள்ளை 'கடகட' என்பதைத் தாளில் படித்தால் திறன் கைக்கு வந்துவிட்டது. திரையில் மட்டும் வந்து தாளில் வராவிட்டால், அது அந்த விளையாட்டைத்தான் கற்றிருக்கிறது.

மிகவும் தடுமாறும் பிள்ளைக்கு இது கைகொடுக்குமா?

கொடுக்கும், பக்கத்தில் நீங்கள் இருந்தால். எல்லார் முன்னாலும் தப்பாகப் படிக்கக் கூச்சப்படும் பிள்ளை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு தைரியமாக முயலும். எழுத்தைப் பெரிதாக்கலாம், வரி இடைவெளியைக் கூட்டலாம், ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் காட்டலாம். ஆனால் முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். வாசிப்புக் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றினால் தகுந்த நிபுணரிடம் அனுப்ப வேண்டும். செயலியில் இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று தள்ளிப்போடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கோ சொல்லின் பொருளே தெரியாமல் இருக்கலாம். அதற்குப் படமும் குரலும் சேர்ந்த சொற்பயிற்சியை முதலில் கொடுங்கள், எழுத்துக்கூட்டல் பிறகு.

பிள்ளைகளின் தகவல் வெளியே போகாதா?

போகலாம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022இல் 49 நாடுகளில் பயன்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது, பிள்ளைகளின் தகவல் உரிமைக்கு ஆபத்தானவை அல்லது அந்த உரிமையை மீறியவை என்றது. பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த நாள், புகைப்படம் கேட்கும் செயலி வேண்டாம். 'நீலம் 1, நீலம் 2' என்று பெயர் கொடுங்கள். குரல் பதிவுகள் பள்ளிக் கருவியிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். விளம்பரம் வரும் செயலியை வகுப்பில் வைக்கவே கூடாது. இணையம் இல்லாமலே ஓடுவதாக இருந்தால் இந்தக் கவலை பாதியாகக் குறையும், பாடத்தின் நடுவே நெட் போய் நிற்பதும் இருக்காது.

நாளையே தொடங்க வேண்டுமென்றால் எதிலிருந்து?

புதிதாக எதையும் வாங்காதீர்கள். உங்கள் கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுக் குரல் பதிவைத் திறந்துவைத்து, படிக்கத் தயங்கும் மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம், ஆளுக்கு ஐந்து நிமிடம், அவர்களுக்குத் தெரிந்த ஒரு சின்னப் பத்தி. அடுத்த வாரம் ஒரே ஒரு எழுத்து விளையாட்டைச் சேர்த்து, படிப்பவர்-தொடுபவர் விதியைக் கற்றுக்கொடுங்கள். விளையாட்டு புரிவதற்கு முன் விதி புரிய வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் போனாலும் பரவாயில்லை. நான்காம் வாரம் அதே மூவருக்கும் புதிய சொற்களைத் தாளில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முன்னேற்றம் தெரிந்தால் மற்றக் குழுக்களுக்கும் விரியுங்கள். தெரியவில்லை என்றால் செயலியை மாற்றிப் பாருங்கள், குரல் பதிவை மட்டும் விடாதீர்கள்.